குரோஷா விரிப்பும் ஒரு கைப்பிடிச் சர்க்கரையும்

ஒரு பொருளைக் கையில் எடுத்தால் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பேன். கெட்ட பழக்கம் என்று என் கணவர் சொல்வார். எனக்குச் சோறு போடுகிற பழக்கம் என்று நான் சொல்வேன். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் வாழையிலையைக்கூடத் திருப்பிப் பார்க்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சுத்தப் பொய். கிழிசல் இருக்கிறதா என்று ஒரு கண் ஓடும், அவ்வளவுதான்.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற ஒரு கம்பெனியில் கடைசிச் சோதனை மேசை என்னுடையது. தைத்து முடித்த உறை என்னிடம் வரும். நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பெட்டிக்குள் போகும். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலோ, ஓரம் கோணியிருந்தாலோ, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அம்பு விரல் நகத்தளவுதான் இருக்கும். பட்டை பட்டையாகத் தருவார்கள். யூனிபார்ம் பாக்கெட்டில் எப்போதும் ஒரு பட்டை கிடக்கும். துணி துவைக்கும்போது எடுக்க மறந்தால் வாளித் தண்ணீரில் சிவப்பு சிவப்பாக மிதக்கும். இத்தனை வருஷத்தில் எத்தனை ஒட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இப்போதெல்லாம் கண் குறையைப் பார்க்கும், கை அம்பை ஒட்டும், நடுவில் நான் என்று ஒருத்தி தேவையே இல்லை.

எனக்கு ஒரே ஒரு அக்கா. குன்றத்தூரில் இருக்கிறாள். அப்பா, அம்மா இருவரும் போன பிறகு, பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள எனக்கு மிஞ்சியது அவள் வீடுதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அக்காவின் மகன்தான் இரண்டு வீட்டுக்கும் பிள்ளை. சின்ன வயதில் லீவு விட்டால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். என் கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் அவனை உட்கார வைத்துச் சுற்றிக் காட்டுவார். அவன் படிப்பை முடித்து வேலை இல்லாமல் இருந்தபோது, கான்ட்ராக்டரிடம் சொல்லி எங்கள் கம்பெனியிலேயே தையல் லைனில் சேர்த்துவிட்டது நான்தான்.

கார் சீட்டின் பக்கவாட்டில் ஒரு காற்றுப் பை மடிந்து உட்கார்ந்திருக்கும். வண்டி எதிலாவது மோதினால் அது உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே விரிய வேண்டும். அதற்காக அந்த ஓரத்தை மட்டும் சட்டென்று அறுந்துபோகிற மெல்லிய நூலால் தைப்பார்கள். அங்கே கெட்டி நூலைப் போட்டுத் தைத்துவிட்டால் பை உள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கும். சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் கதி அதோகதிதான். அக்கா மகன் ஒரு நாள் ஓவர்டைம் பார்க்கும்போது தூக்கக் கலக்கத்தில் நூலை மாற்றிப் போட்டுவிட்டான். வந்த கட்டு முழுவதும் அப்படி. கட்டின்மேல் அவனுடைய நம்பர் இருந்தது. நான் நம்பரையும் பார்த்தேன், நூலையும் பார்த்தேன். அம்பை ஒட்டினேன். மறுநாள் அவனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் செய்தது தப்பு என்று இன்றுவரை நினைக்கவில்லை. இப்போது அதே உறை வந்தாலும் அதே இடத்தில் அதே அம்பைத்தான் ஒட்டுவேன். ஆனால் சரியாகச் செய்தோம் என்கிற நினைப்பு தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்குத் துணைக்கு வருவதில்லை.

அவனை நிறுத்திய அன்று சாயங்காலமே அக்கா ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

“என் புள்ள மேலயே அம்பு வுட்டுட்ட இல்ல நீ? தூக்கி வளத்த கையாலயே வுட்டுட்ட இல்ல?”

“அக்கா, அது ஆள் உயிர் போற விஷயம். உள்ள வாக்கா, சொல்றேன்.”

“ஒண்ணும் சொல்ல வேணாம். உனுக்கு எதப் பாத்தாலும் குறை மட்டுந்தான் கண்ல படும். அந்தக் கண்ண வெச்சிக்கினு என் வூட்டாண்ட வராத.”

போய்விட்டாள். போன் செய்தால் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே குன்றத்தூருக்குப் போனேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனவள் கதவைத் திறக்கவில்லை. தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எனக்குப் போகத் தைரியம் வரவில்லை.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு, கம்பெனியில் எனக்குக் கொடுத்த ஹாட் பாக்ஸில் பலகாரம் வைத்து என் கணவரிடம் கொடுத்தனுப்பினேன். நல்ல பெரிய ஹாட் பாக்ஸ். கம்பெனி பெயர் மூடியில் பொறித்திருந்தது. அக்கா அதைத் திறக்கக்கூட இல்லை.

“கம்பெனிப் பொருள் எதுவும் என் வூட்டு வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கமே,” என்று கணவர் அப்படியே திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.

எங்கள் பக்கம் கம்பெனிப் பொருள் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? சுவரில் கம்பெனி காலண்டர், ஆணியில் கம்பெனிப் பை, அலமாரியில் கம்பெனி டிபன் கேரியர். எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டுகிற நூல்கூட எங்கள் கம்பெனியில் கழித்துப்போட்ட சாம்பல் நிற நூல்தான். ஸ்கிராப் எடுக்கிறவர் அவருடைய மச்சான். மிஞ்சின நூல்கண்டுகளை எல்லாம் அவருக்கே கொடுத்துவிடுவார். பருப்பு வாங்கினாலும் புளி வாங்கினாலும் என் மேசையில் தொங்குகிற அதே நூல் என் சமையலறைக்கும் வந்துவிடும். கம்பெனி ஒட்டாத பொருள் வேண்டும் என்றால், யாராவது உட்கார்ந்து கையால் செய்ததாகத்தான் இருக்க வேண்டும். அப்படித்தான் நான் போன வருஷம் கிறிஸ்துமஸ் கைவினைச் சந்தைக்குப் போனேன்.

படப்பை போகிற சாலையில் உள்ள ஒரு சர்ச்சின் மைதானத்தில் அது நடக்கும். சர்ச் சேல் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஷாமியானா போட்டு, ஞாயிறு பள்ளி பெஞ்சுகளை இழுத்துப்போட்டு, அவற்றின்மேல் புடவையை விரித்துச் சாமான்களை அடுக்கியிருப்பார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்து நிற்பார்கள். நானும் அன்று முதல் ஷிப்ட் முடித்து யூனிபார்மோடுதான் போனேன்.

அந்தச் சந்தையில் கண்ணை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சாய்ந்து நிற்கிற மெழுகுவர்த்தி. ஒரு காது நீளமாகவும் ஒரு காது குட்டையாகவும் உள்ள சணல் பை. ஐஸ் குச்சியில் கட்டிய குடிலில் தொட்டிலைவிடக் குழந்தை பெரிதாக இருந்தது. ஒரு கம்பளி நாய்க்கு நான்கு காலும் நான்கு தினுசு. கண் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த மைதானத்தில் உள்ள ஒரு பொருள்கூட என் மேசையைத் தாண்டியிருக்காது. ஆனால் அவற்றைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அந்த நாயை ஒரு அம்மாள் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அழுகை வந்தது. கம்பெனி என் கண்ணைப் பிடுங்கிக்கொண்டு வேறு கண் வைத்து அனுப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி பெஞ்சில் ஒரு சின்னப் பெண் குரோஷா பின்னல் வைத்திருந்தாள். ஏதோ ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலையாம். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் உட்கார்ந்தே பின்னுவாளாம். அவளிடம் டீப்பாய்க்குப் போடுகிற வட்ட விரிப்பு ஒன்று இருந்தது. வெள்ளை நூல், ஓரத்தில் சிவப்பு. பார்த்ததுமே அக்கா வீட்டு டீப்பாய் ஞாபகம் வந்தது. எதன்மேலும் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடாவிட்டால் அக்காவுக்கு வீடு வீடாகவே இருக்காது. விரிப்பை எடுத்தேன். திருப்பினேன்.

“யம்மா, இங்க பாரு. ஓரத்துல ஒரு கண்ணி வுட்டுப் போச்சு.”

“ஸ்பீட் பிரேக்கர்ல பஸ்சு தூக்கிப் போட்டிருக்கும்க்கா,” என்று சிரித்தாள். “கையால போட்றது அப்டி இப்டிதான் இருக்கும். பச்சை பார்டர்ல ஒண்ணு கீது, பாக்குறீங்களா?”

பச்சை வேண்டாம். சிவப்பையே கொடு என்றேன். கம்பெனி வாசனையே ஆகாத அக்காவுக்கு, கம்பெனி பஸ்ஸில் பின்னிய விரிப்பு. அதை அவளிடம் யார் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். அந்தப் பெண் விரிப்பை மடித்துப் பூப்போட்ட காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு மனம் லேசாக இருந்தது.

வயர் கூடையில் முறுக்கு, அதிரசம், கேக் எல்லாம் அடுக்கி, மேலே அந்தக் காகிதப் பொட்டலத்தை வைத்துக் கொடுத்தேன். கணவர் பைக்கில் குன்றத்தூருக்குப் போனார். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகைக்குப் பலகாரம் வந்த தட்டையோ கூடையையோ வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது மடித்துப் போடுவார்கள். வெறும் கூடை வந்தால், உன் உறவு வேண்டாம் என்று அர்த்தம்.

கணவர் திரும்பி வந்தபோது கூடைக்குள் ஒரு பொட்டலம் இருந்தது. சர்க்கரை.

“அக்காவா குடுத்துச்சு?”

“வேற யாரு குடுப்பா?”

“இன்னா சொல்லிச்சு?”

“ஒண்ணும் சொல்லல. உள்ள எடுத்துக்கினு போனாங்க. கூடைய குடுத்தாங்க.” சொல்லிவிட்டு அவர் பைக்கைத் துடைக்கப் போய்விட்டார்.

நான் அந்தப் பொட்டலத்தை அங்கேயே பிய்த்து ஒரு வாய் சர்க்கரையை அப்படியே போட்டுக்கொண்டேன். சின்னப் பிள்ளைகூட அப்படித் தின்னாது. மிச்சத்தைத் தனி டப்பாவில் போட்டு, சமையலுக்கு எடுக்காமல் வைத்தேன். எறும்பு வராமல் இருக்க இரண்டு கிராம்பு போட்டு மூடினேன்.

அந்த ஒரு டப்பாவை நம்பி ஒரு வருஷத்தை ஓட்டினேன். பொங்கலுக்கு அக்கா வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. ஈஸ்டருக்கு வருவாள் என்று புதுப் பாய்கூட வாங்கினேன். வரவில்லை. போன் அடித்தால் முழுசாக அடித்து ஓய்ந்தது. கோபம் ஆறுவதற்கு நாள் பிடிக்கும், சர்க்கரை கொடுத்தவள் எப்படியும் வருவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா மகன் இப்போது பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்க்கிறான் என்று யாரோ சொன்னார்கள். வல்லம் வடகால் பக்கம் அந்தச் சட்டை போட்டு யார் போனாலும் ஹெல்மெட்டுக்குள் முகத்தைத் தேடுவேன்.

இந்த வருஷமும் சந்தை வந்தது. மறுபடி ஏதாவது கையால் செய்ததாக வாங்கிக் கொடுத்தனுப்பலாம் என்று நானும் கணவரும் போனோம். அவர் டீக்கடையில் நின்றுவிட்டார். இந்தத் தடவை சுற்றுப்பக்கத்துச் சபைகள் எல்லாம் ஆளுக்கு ஒரு பெஞ்ச் போட்டிருந்தன. குன்றத்தூர் சபை என்று எழுதிய அட்டையைப் பார்த்ததும் என் கால் தானாக அங்கே போனது. அக்கா போகிற சபை அது. அவள் அங்கே இருந்தாலும் இருப்பாள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் இல்லை. குண்டாக, கலகலப்பாக ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் சும்மா கிடக்கிற கைவேலைப் பொருள்களைச் சபையார் கொடுத்திருக்கிறார்களாம். விற்கிற காசு சர்ச் கூரைக்காம்.

ஒரு தலையணை உறைக்கும் ஒரு பாசிமணி மாலைக்கும் நடுவில் வெள்ளை விரிப்பு ஒன்று மடித்து வைத்திருந்தது. ஓரம் சிவப்பு.

பஸ்ஸில் பின்னுகிற பெண் இன்னொன்று போட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். கை அதற்குள் எடுத்துத் திருப்பிவிட்டது. ஓரத்தில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. அதற்குப் பக்கத்தில், கண்ணியை நேராகக் காட்டிக்கொண்டு, ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

நான் ஒட்டிய அம்பு. எப்போது ஒட்டினேன்? அந்தப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தபோதா? யூனிபார்ம் பாக்கெட்டில் பட்டை இருந்திருக்கும். கண் பார்த்தது, கை ஒட்டியது. அவள் அதோடு சேர்த்து மடித்துச் சுற்றிவிட்டாள். சமாதானத்துக்கு என்று நான் அனுப்பிய பொருளின் அடியில், அக்கா மகன் வேலையைத் தின்ற அதே அம்பு.

“அது டேமேஜ் பீஸும்மா, மொதல்லயே சொல்லிட்றேன்,” என்றாள் அந்த அம்மாள். “குடுத்த அக்கா சொல்லித்தான் குடுத்தாங்க. எங்க டேமேஜுன்னு யாரும் தேட வேணாம், அம்பு போட்டே காட்டிக் கீதுன்னாங்க.”

“எந்த அக்கா?”

“எங்க சபை அக்காதான்.” என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “நீங்க அவங்களுக்கு சொந்தமா? மூக்கு அப்டியே கீதே.”

இல்லை என்றேன். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அவள் வேறு யாரிடமோ பேசத் திரும்பினாள். நான் விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்க்கிறதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்? நடுவில் டம்ளர் வைத்த வட்டம் ஒன்று மங்கலாக இருந்தது. சிவப்பு ஓரத்தில் ஒரு பொட்டு மெழுகு உறைந்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டு வெள்ளை பழுத்திருந்தது. அக்கா வீட்டு டீப்பாய் ஜன்னலை ஒட்டித்தான் இருக்கும். அம்பின் நுனியை யாரோ நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அழுத்தியிருந்தார்கள்.

அக்கா விரித்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு அதன்மேல் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். வந்தவர்களுக்கு அதன்மேல் காபி வைத்துக் கொடுத்திருக்கிறாள். வெயில் பழுக்கிற அளவுக்கு அது அங்கே கிடந்திருக்கிறது. பிறகு ஒரு நாள் துவைக்க எடுத்திருப்பாள், திருப்பியிருப்பாள். அவ்வளவுதான். என்னை மன்னித்துவிட்டவள் என்னை மறுபடி வெறுத்ததை, யாரும் சொல்லாமலே அந்தத் துணியில் படித்துவிட்டேன். மன்னிக்காமலே இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

விரிப்பை வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். கணவரிடம் திருப்பிக் காட்டினேன். அம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

“எப்பமே ஒட்னே இத?”

“தெரிலீங்க. சத்தியமா தெரில.”

“போயி சொல்லிட்லாம். வேணும்னு ஒட்டல, கைப் பழக்கத்துல ஒட்டிக்கிச்சுன்னு.”

“யாரு நம்புவா? நான் அவ எடத்துல இருந்தா நான் நம்புவேனா?”

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நான் சொல்றேன். நான் சொன்னா கேப்பாங்க,” என்றார். கேட்க மாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை எனக்குத் தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவி அம்பை உரித்தேன். அம்பு வந்துவிட்டது. பசை வரவில்லை. எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அழுக்கு அந்தப் பசையில் போய் ஒட்டி, அம்பு இருந்த இடத்தில் அம்பு வடிவத்திலேயே கறுத்து நின்றது.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்ததும் வயர் கூடையில் பலகாரம் மட்டும் அடுக்கினேன். இந்தத் தடவை பரிசு எதுவும் வைக்கவில்லை. கொண்டுபோக வேண்டியது கணவர் வாயில் இருந்த ஒரு வார்த்தைதான். அக்கா கூப்பிட்டால் உடனே போய்விடலாம் என்று நானும் பைக்கில் ஏறிக்கொண்டேன். அதற்கு முன்னால் பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று அவர் தெருமுனை வரை போய்விட்டு வந்தார். மணிமங்கலம் வழியாகப் போனோம். வழியெல்லாம், வேணும்னு செய்யல அக்கா, வேணும்னு செய்யல அக்கா என்று அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

குன்றத்தூரில் மலையடிவாரத்து பஸ் ஸ்டாப் நிழலில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் மட்டும் கூடையோடு போனார். அக்காவின் தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம். கோயிலுக்குப் போகிறவர்கள் வந்து போனார்கள். ஒரு குடும்பம் புதுத்துணி போட்டுக்கொண்டு, கையில் கேக் பெட்டியோடு யார் வீட்டுக்கோ போனது. நான் என் போனை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். புடவையைச் சரி செய்துகொண்டேன். அழுதால் முகம் வீங்கும், அக்கா பார்த்தால் நன்றாக இருக்காது என்று அழாமல் இருந்தேன்.

அவர் தனியாகத்தான் வந்தார். ஆனால் கூடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தார்.

“இந்தா. சர்க்கரை குடுத்தாங்க.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். கேட்டுக்கினாங்க.”

“இன்னா சொல்லிச்சு?”

“நல்லா இருக்கச் சொல்லு, அவசரப்படாதன்னு சொன்னாங்க. ஏறு, போலாம்.” அவர் கண் மலைமேல் இருந்தது.

கூடைக்குள் பலகாரம் இல்லை. யார் வாங்கிக்கொண்டார்களோ. அடியில் ஒரு பொட்டலம் மட்டும் இருந்தது. எடுத்தேன். திருப்பினேன். காகிதத்தைச் சுற்றி, இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது சாம்பல் நிற நூல். எங்கள் கம்பெனி நூல். என் மேசையில் நாள் முழுக்க நான் இழுத்துப் பார்க்கிற நூல். குன்றத்தூரில் எந்தக் கடையிலும் அது கிடைக்காது. கம்பெனிப் பொருளை வாசப்படி ஏற்றாதவள் வீட்டில் கிடைக்கவே கிடைக்காது. கிளம்புவதற்கு முன்னால் தெருமுனைக்குப் போனாரே, அப்போதே மளிகைக் கடையில் வாங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

“இன்னாமே பாக்குற?”

“ஒண்ணுமில்லீங்க,” என்றேன். “சர்க்கரை கொட்டிடப் போவுது, கெட்டியா கட்டி கீதான்னு பாத்தேன்.”

பைக்கில் ஏறினேன். கூடை மடியில் இருந்தது. வீட்டில் கிராம்பு போட்டு மூடி வைத்திருக்கிற அந்த டப்பாதான் நினைவுக்கு வந்தது. போன வருஷப் பொட்டலம் எந்த நூலால் கட்டியிருந்தது? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. வாழ்நாளில் அதை ஒன்றைத்தான் நான் திருப்பிப் பார்க்காமல் சந்தோஷத்தில் பிய்த்துப் போட்டேன். அவரிடம் கேட்டால் தெரிந்துவிடும். வீடு வந்து சேரும்வரை நான் கேட்கவில்லை.